மறதியுற்ற வாப்பாவிடம் பொய் சொல்லலாமா?

வாயும் தராசும் நேராயிருக்க வேண்டுமென்பது வியாபாரிகளாகிய நமக்கு மதரஸாவிலேயே ஊட்டப்பட்ட பாடம். அப்படி வளர்ந்த நம்மவர் சிலர் இப்போது ஒரு சங்கடத்தோடு வருகிறார்கள். வீட்டில் வயதான வாப்பாவுக்கு முதுமை மறதி நோய். உம்மா மௌத்தாகிப் பல வருஷமாயிற்று. ஆனால் மஃரிபு நேரம் வந்தால் போதும், "உங்க உம்மாவை எங்கே காணோம்?" என்று வாசலைப் பார்க்கிறார். உள்ளதைச் சொன்னால் அன்றுதான் ஜனாஸா எடுத்தது போல் அழுகிறார். மறுநாள் அதே கேள்வி, அதே அழுகை. "ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்றால் அமைதியாகிறார். பெற்றவரிடமே பொய் பேசலாமா என்பதுதான் கேள்வி.

இந்நோயின் போக்கை அறிந்தால் விஷயம் சற்றுத் தெளியும். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஷைமர் எடுத்துரைத்த இந்நோய், மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் இடத்தையே பெரும்பாலும் முதலில் அரிக்கிறது. பழைய பேரேடு அப்படியே இருக்க, இன்றைய கணக்கை எழுதிய மை மட்டும் நிற்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகையால்தான் காலையில் தேநீர் குடித்தது நினைவில்லாதவர், 1973ஆம் ஆண்டோடு ஓட்டம் நின்றுபோன ரஜூலா கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்றா என்று கேட்கிறார். நோய் முற்ற முற்றப் பேரேட்டின் ஏடுகளும் உதிர்கின்றன. குணமாக்கும் மருந்து இன்றளவும் கிடையாது. எனவே நாம் சொல்லும் மெய் அவரிடம் தங்குவதேயில்லை. அது தந்த துக்கமோ, செய்தி மறந்த பிறகும் முகத்தில் தங்கிவிடுகிறது.

பனீ இஸ்ராயீல் சூராவின் 23ஆம் ஆயத்து, முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்புக் காட்டும் ஒரு சிறு சொல்லையும் தடுத்து, கண்ணியமான பேச்சையே ஏவுகிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நல்ல நோக்கம் பொய்யின்றியே நிறைவேறுமானால் பொய் ஹராம் என்றும், பொய்யினாலன்றி நிறைவேறாதெனில் அனுமதி உண்டென்றும், அங்கும் பேணுதல் யாதெனில் இருபொருள்படப் பேசுவதே என்றும் விளக்கியிருக்கிறார்கள். ஆக, "உம்மா நல்ல இடத்தில்தான் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ், நீங்கள் கஞ்சி குடியுங்கள்" என்றால் பொய்யுமில்லை, அழுகையுமில்லை. இன்னும் நல்லது, "உம்மா வைக்கும் மீன் ஆணம் எப்படியிருக்கும் வாப்பா?" என்று கேட்டு அவரையே பேசவிடுவது. பழைய பேரேடு தானே திறக்கும். ஃபத்வா வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும், நாம் கடைக்காரர்.

நமக்குள்ள கவலை வேறு. உம்மாவைப் பற்றிய ஒரு வார்த்தைக்கு இத்தனை கூசுகிற சிலர், "வெறும் ரசீதுதான் வாப்பா, ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று வீட்டுப் பத்திரத்திலும் கடைப் பங்கிலும் கையெழுத்து வாங்கக் கூசுவதில்லை. தங்கைமாருக்குச் சேரவேண்டிய ஹக்கும் அந்தக் கையெழுத்தோடு போய்விடுகிறது. முந்தியதில் வாப்பாவின் அழுகை நிற்கிறது. பிந்தியதில் லாபம் மகன் பெட்டியில் விழுகிறது. இரண்டையும் பொய் என்ற ஒரே பெயரால் அழைப்பது சரியல்ல என்பது நம் அபிப்பிராயம். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த சட்டப்படி, புத்தி தெளிவாயிருக்கும்போதே நம்பிக்கையானவரை நியமித்து அதிகாரப் பத்திரம் எழுதி வைக்கலாம். புத்தி தடுமாறியபின் அதை எழுத வழியில்லை. நாற்பதைக் கடந்த நாமும் நம்மைக் குறித்து இப்போதே யோசிப்பது நல்லது.

வாப்பா கடைக்கு வருவேனென்று அடம்பிடித்தால் என்ன செய்வதென்றும் கேட்கிறார்கள். தாராளமாக அழைத்து வாருங்கள், கல்லாவிலும் உட்காரட்டும். நாற்பது வருஷம் உட்கார்ந்த இடமல்லவா? பக்கத்தில் ஒரு பையன் நின்று சில்லறையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வாப்பா கையிலிருந்து மீதி ஐந்து வெள்ளி கூடப் போய்விட்டால் போகட்டும். குறைத்துக் கொடுத்துவிட்டாரானால் மட்டும், பையன் அந்த வாடிக்கையாளரைத் தேடித் தெருக்கோடி வரை ஓடத்தான் வேண்டும்.