எந்த ஊரு, எந்தத் தெரு?

புதுசா ஒரு ஆளைப் பார்த்தால் நம்ம பக்கத்தில் கேட்பது, எந்த ஊரு? அடுத்தது, எந்தத் தெரு? இரண்டாவது கேள்வி எதற்கென்று நமக்குத் தெரியும். புதுசா ஒரு நோய் வந்தாலும் இதே கேள்விகள்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் வாந்திபேதி கண்டது. ‘சேரியில பன்னி வளக்கிறானுவல்ல, அங்கேருந்துதான்’ என்று ஊர்த்தெருவில் முடிவு கட்டினார்கள். எங்க அம்மாயி வளர்த்த இரண்டு பன்றிகளையும் அடித்துக் கொன்றார்கள். ஊர்த்தெருச் சாக்கடை எங்கள் கிணற்றோரம் வந்து தேங்கியதை ஒருத்தரும் பேசவில்லை.

நிபா வைரஸ் பற்றிப் படித்தபோது அம்மாயி ஞாபகம்தான் வந்தது. 1998இன் பிற்பகுதியில், மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புது வைரஸைக் கண்டுபிடித்தார். நோயாளி சுங்கை நிபா கிராமத்துக்காரர். கிராமத்தின் பெயர் வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது. நோய் அங்கே தொடங்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஈப்போவிலிருந்து விற்ற பன்றிகளோடு லாரியில் வந்தது அது.

வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் வெகுகாலமாக இருந்ததுதான். முப்பதாயிரத்துக்கு மேல் பன்றிகள் அடைத்த பண்ணையில், கூடுதல் வருமானத்துக்காகக் கொட்டிலை ஒட்டியே மாமரம் வைத்தார்கள். வௌவால் கடித்துப்போட்ட பழத்தைப் பன்றி தின்றது. 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள்.

தோற்றுவாய் யார்? வௌவாலா, பன்றியா, கொட்டில் கழுவியவனா? முதலாளியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் செத்தவர்களில் சொந்தப் பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள். தோழர்களே, நோய் ஓர் இடத்தில் பிறக்கவில்லை. மரம், கொட்டில், சந்தை, லாரி என்று அடுக்கிவைத்த முறையில் பிறந்திருக்கிறது. அந்த அடுக்கில் ஆகக் கீழே இருப்பவன் பேரில் பழி வந்து நிற்பது ஏன் என்பதே என் கேள்வி.

1976இல் ஜயீரின் யம்புக்குவில் பரவிய நோய்க்கு, அந்தக் கிராமம் கெட்ட பேர் சுமக்க வேண்டாம் என்று எபோலா ஆற்றின் பெயரை வைத்தார்கள். நல்ல மனசுதான். ஆற்றங்கரையிலும் ஆட்கள் இருக்கிறார்களே! புது நோய்க்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல 2015 ஆனது.

மலேசியாவில் பிறகு பழமரத்தையும் பன்றிக் கொட்டிலையும் தள்ளிவைத்தார்கள். நிபா அங்கே மறுபடி பரவவில்லை. வௌவால் அங்கேயேதான் இருக்கிறது.

எங்கள் ஊரில் கிணறு தூர்ந்துவிட்டது. சாக்கடை அதே வழியாகத்தான் வருகிறது.