அமானத்தும் அலமாரியும்

ஒரு கல்லூரியின் சிறப்பை எடுத்துரைக்க முற்படுவோர் அதன் கட்டடங்களையும், தேர்வில் வென்றோர் எண்ணிக்கையையும் கூறுவர். நூலகத்தைப் பற்றிக் கேட்டால், இத்தனை ஆயிரம் நூல்கள் உள்ளன என்பர். அந்நூல்களை எவர் படித்தார், படித்தவர் என்ன பெற்றார் என்று கூறுவோர் அரியர். நூலைக் காப்பதும் கடமை; வழங்குவதும் கடமை. இரண்டும் முரண்படும்போது எதற்கு முதலிடம்? இவ்வினா நிர்வாகத்தை மட்டும் சார்ந்ததன்று, அறத்தையும் சார்ந்ததாகும்.

இதற்கு முற்காலத்தில் விடை கண்ட ஊர் ஒன்றுண்டு. இன்றைய துருக்மெனிஸ்தானில் அழிபாடுகளாய்க் கிடக்கும் மர்வு நகரமே அது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வக்ஃபு செய்யப்பட்ட நூலகங்கள் பத்து இருந்தன. அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன. மூன்றாண்டுகள் அந்நகரில் தங்கியிருந்த யாகூத் அல்-ஹமவி என்னும் அறிஞர் இதனைப் பதிவு செய்துள்ளார். அவர் செல்வரல்லர், உயர்குடியினருமல்லர். சிறு வயதில் சிறைப்பட்டு, பக்தாதில் அடிமையாக விற்கப்பட்டவர். விடுதலை பெற்றபின் நூல்களைப் படியெடுத்தும் விற்றும் வாழ்ந்தவர். அத்தகைய அயலூராரின் இல்லத்தில் எந்நேரமும் 200 நூல்களுக்குக் குறையாமல் இருந்தனவாம். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லையாம்.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் அவருடைய பெரும் புவியியல் அகராதிக்கு வேண்டிய செய்திகளில் மிகுதியானவற்றை அந்நூலகங்களிலிருந்தே அவர் திரட்டினார். 1221இல் மங்கோலியர் மர்வு நகரை அழித்தனர். நகரம் மாண்டது, ஆனால் யாகூத் படித்துக் குறித்துக்கொண்டவை இன்றும் வாழ்கின்றன. எத்தனை வலிய பூட்டும் அந்நாளில் நூல்களைக் காத்திராது. ஒரு மனிதரை நம்பிக் கொடுத்தமையே அவற்றின் பயனைக் காத்தது.

நம் நாட்டிலும் இக்கருத்தைச் செயலில் காட்டியவர் உண்டு. கணித ஆசிரியராயிருந்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதாகும். இது யாவரும் அறிந்ததுதானே என்று தோன்றலாம். மேலை நாட்டுக் கல்விக்கூடங்களில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர் என்பதை நினைந்தால், அவ்விதியின் அருமை புலனாகும். மாணவர் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூலைத் தேர்ந்தெடுக்கும் திறந்த முறையை அவர் தம் நூலகத்தில் நிலைநாட்டினார்.

என் இளமையில் ஒரு கல்லூரி நூலகத்திற்கு அரபு அகராதி ஒன்றைத் தேடிச் சென்றேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அது கண்ணுக்குத் தெரிந்தது. திறவுகோல் வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். மூன்று முறை சென்றும் அதைத் தொட இயலாமல் திரும்பினேன். அந்தப் பூட்டை நெடுங்காலம் நொந்துகொண்டேன்.

பின்னர் நானே ஆசிரியனானேன். மாணவர் துன்புறலாகாது என்று எண்ணி, பாடம் முழுவதையும் குறிப்புகளாகச் சொல்லி எழுத வைத்தேன். ஓராண்டு, தேர்வு முடிந்ததும் ஒரு மாணவர் வந்து, “ஹஜ்ரத், நீங்கள் எழுதச் சொன்னதே போதுமாயிருந்தது, நூலகப் பக்கம் போகவே தேவைப்படவில்லை” என்று நன்றியுடன் கூறினார். அவர் புகழ்ந்தார், நான் நாணினேன். அந்தக் கண்ணாடிக் கதவைப் பூட்டியவருக்கும் எனக்கும் வேறுபாடு என்ன?

பாடத்திற்கு முன்பே கிதாபைத் தானே படித்து வரும் முதாலஆ என்னும் பழக்கத்தை எங்கள் உஸ்தாதுகள் வற்புறுத்துவார்கள். அதன் காரணம் அன்றுதான் முழுமையாக விளங்கிற்று. ஆசிரியர் ஒரு விடையைத் தருகிறார். நூலகமோ, ஒரே பொருளில் வேறுபட்டுப் பேசும் இரு நூல்களை அருகருகே வைக்கிறது. எதை ஏற்பது, ஏன் ஏற்பது என்று மாணவர் தாமே எடை போட வேண்டியுள்ளது. உயர்கல்வி தொடங்குவது அவ்விடத்தில்தான். இன்று நூல்கள் கைப்பேசித் திரையிலேயே கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும், பிறர் சுருக்கித் தந்ததை விழுங்குவதும் தானே தேடி ஒப்புநோக்குவதும் ஒன்றாகிவிடா.

வழங்குவோர்க்குக் கடமை உண்டெனில், பெறுவோர்க்கும் உண்டு. நூலகத்தின் நூல் படிப்பவர் கையில் அமானத்தாகும். தமக்கு வேண்டிய பக்கத்தைக் கிழித்துக்கொள்பவரும், உரிய நாளில் திருப்பித் தராதவரும், தமக்குப் பின் வரும் முகமறியாத ஒருவரின் உரிமையைப் பறிக்கின்றனர். நூலகர்கள் பூட்டை நாடுவதற்கு அவர்களும் காரணமாகின்றனர். ஆயினும், சிலர் தவறுவர் என்று அஞ்சி எல்லார்க்கும் கதவடைப்பது நீதியாகாது. சில நூல்களை இழப்பது இழப்பே; ஒரு தலைமுறை நூல் தேடும் பழக்கத்தையே இழப்பது அதனினும் பேரிழப்பு.

குறிப்புகள் சொல்லும் வழக்கத்தை நான் விட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. இப்போது வினாக்களை மட்டும் எழுதிப் போட்டு, மாணவர்களை நூலகத்திற்கு அனுப்புகிறேன். தொடக்கத்தில் அவர்கள் முணுமுணுத்தனர். சிலர் இன்னும் முணுமுணுக்கின்றனர். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் மகனிடமோ மகளிடமோ மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், “இவ்வாரம் என்ன நூல் எடுத்து வந்தாய்?” என்று கேளுங்கள்.