அறியாமையும் ஒரு பரீஷகமே



சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் எம் உறவினர் வீட்டுப் பெண்ணொருத்தி, கோவில்பட்டியில் எம் இல்லத்தில் ஐந்து நாள்கள் தங்கியிருந்தாள். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியே பயின்றவள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வி இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டில் சேர்ந்திருந்தாள். சேர்ந்த நாள்முதல் ஊரார் அவள் பெயரை விடுத்து, 'டாக்டரம்மா' என்றே அழைக்கத் தொடங்கிவிட்டனராம்.

வந்தவள் இரண்டு நாள் வாய்திறக்கவில்லை. மூன்றாம் நாள், பொழுது சாயுமுன் உணவு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "பாட்டி, நான் கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை" என்றாள். உடற்கூறியலின் முதல் உள்தேர்வில் அவள் தேறவில்லை. இரவெல்லாம் படித்தது விடியலில் நினைவில் இல்லை. வாய்மொழித் தேர்வில் ஓர் எலும்பைக் கையிற் கொடுத்து, 'இது வலப்பக்கத்ததா, இடப்பக்கத்ததா?' என்று வினவியபோது நா எழவில்லை. விடை ஒருவாறு தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. 'உனக்கெல்லாம் யார் இடம் கொடுத்தார்கள்?' என்று ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். இவற்றைச் சொல்லி முடிக்கையில் அவள் குரல் தழுதழுத்தது.

யாம் உடனே அறிவுரை கூறவில்லை. பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் யாம் முதலிற் கற்ற பாடம். ஐந்தாம் நாள் காலை அவளைக் கழுகுமலைக்கு அழைத்துச் சென்றோம்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்று சேரத்தக்க அம்மலையை நம்மவர் பலர் தரிசித்திருப்பீர்கள். பாறையின் முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். அவற்றின் கீழே வட்டெழுத்தில், அத்திருமேனிகளைச் செய்வித்தோர் பெயர்கள். ஏறத்தாழ எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த அப்பெயர்களுள் குரவரும் உளர்; குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரும் உளர்; அவர்தம் மாணாக்கரும் உளர். "மாணாக்கர் என்னும் சொல்லைக் கல்லில் வெட்டிவைத்த மலை இது. கற்பவர்க்கு நேரும் துன்பத்தை நம் ஆகமம் அறியாமல் இருக்குமா?" என்று அவளை வினவினோம்.

உமாஸ்வாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் 22 பரீஷகங்கள் கூறப்படுகின்றன. பசி, தாகம், குளிர், வெப்பம் எனத் தொடங்கும் அவ்வரிசையை நம் குழந்தைகள் மனப்பாடமாகவே சொல்வர். ஆயின் வரிசையின் இறுதிப் பகுதியில் இருப்பவற்றை நாம் நின்று எண்ணுவதில்லை. 'பிரஜ்ஞை' என்பது ஒன்று. அறிவால் எழும் செருக்கைத் தாங்கி வெல்லுதல். 'அஞ்ஞானம்' என்பது மற்றொன்று; முயன்றும் அறிவு கைகூடாத வருத்தத்தைத் தாங்கி வெல்லுதல். நெடுங்காலம் தவமும் கல்வியும் பயின்றும் மேலான ஞானம் தோன்றாதிருக்க, ஒன்றும் அறியாதவன் எனப் பிறர் இகழ்ந்தாலும், முயற்சியைக் கைவிடாத முனிவரே அப்பரீஷகத்தை வென்றவர் என்று ஆசாரியர்கள் விளக்குவர்.

இவை துறவோர்க்கு விதிக்கப்பட்டவை என்பது உண்மையே. மாவிரதம் அணுவிரதமாக இல்லறத்தார்க்கு வந்து சேர்ந்ததுபோல, பரீஷக வெற்றியும் அணுவளவில் நமக்கு உரியதே. நெறியினின்று வழுவாதிருத்தலும் வினை உதிர்ப்பும் அதன் பயன்கள்.

இனி, அன்பர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்றுண்டு. பிரஜ்ஞை, அஞ்ஞானம் ஆகிய இரண்டும் ஞானாவரணீயம் என்னும் ஒரே வினையின் விளைவு என்று அந்நூல் கூறுகிறது. செருக்கும் சோர்வும் நமக்கு எதிர்எதிரானவையாகத் தோன்றுகின்றன. உண்மையிலோ அவை ஒரே திரையின் இரு மடிப்புகள். 'பள்ளியில் நானே முதல்வி' என்று அன்று எண்ணியதும், 'நான் எதற்கும் உதவாதவள்' என்று இன்று எண்ணுவதும் ஒரே மயக்கம். இரண்டிலும் மதிப்பெண்ணையே தன் உயிரின் அளவாகக் கொண்டாள் அப்பெண். உயிரின் இயல்போ அளவிறந்த ஞானம். மதிப்பெண் காட்டுவது திரையின் தடிமனை மட்டுமே. திரைக்குப் பின்னுள்ள விளக்கை அன்று.

திரையை மெலிவிப்பது எவ்வாறு? சுவாத்தியாயத்திற்கு ஐந்து உறுப்புகள் கூறப்பட்டுள்ளன: வாசித்தல், ஐயம் வினவுதல், சிந்தித்தல், பிழையற ஓதுதல், பிறர்க்கு உரைத்தல். நாற்பதாண்டு வகுப்பறையில் யாம் கண்டவரை இதனினும் சிறந்த கற்றல்முறை வேறில்லை. அப்பெண்ணோ முதல் உறுப்பை மட்டும் இரவெல்லாம் செய்தாள். வினவ நாணினாள், சிந்திக்க நேரமில்லை என்றாள், வாய்விட்டு ஓதவில்லை, எவர்க்கும் எடுத்துரைக்கவில்லை. 206 எலும்புகளையும், மூளையினின்று புறப்படும் 12 இணை நரம்புகளையும் கண்ணால் மட்டும் படித்து மனத்தில் நிறுத்துதல் அரிது. எலும்பைக் கையில் ஏந்தி, அதன் மேடு பள்ளங்களைத் தொட்டு, தோழிக்குத் தமிழில் விளக்கி, பின் அதையே ஆங்கிலத்தில் ஓதினால் அது நிலைக்கும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. கற்றதை மறைத்தல், கற்பார்மேல் பொறாமை கொள்ளல், கல்விக்கு இடையூறு செய்தல், அறிவை அவமதித்தல் ஆகியவை ஞானாவரணீயம் வந்து சேரும் வாயில்கள். குறிப்பேட்டைத் தோழிக்குத் தர மறுக்கும் மாணவர்க்கும், தடுமாறும் மாணவரை எள்ளி நகையாடும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். முன்னாள் ஆசிரியராகிய எமக்கும் பொருந்தும். சினத்தில் சொன்ன ஒரு சொல்லால் எத்தனை பிள்ளைகளின் நாவை யாம் கட்டிவிட்டோமோ என்று அன்று அம்மலையில் எண்ணி வருந்தினோம்.

பிணக்கூடத்தின் நெடியும் காட்சியும் அவளை மிக வருத்தியிருந்தன. 'அகிம்சை பேணும் குடியிற் பிறந்து உடலை அறுக்கலாமா?' என்ற ஐயமும் அவளுக்கு இருந்தது. உயிர் நீங்கிய உடல் புத்கலம். அதற்கு ஊறு என்பதில்லை. ஈந்தோர் விருப்பத்தாலோ, உரிமை கோருவார் இன்மையாலோ அம்மேசைக்கு வந்த அவ்வுடல் அவளுக்கு முதல் ஆசிரியர். உடல் வேறு, உயிர் வேறு என்னும் அன்னியத்துவ சிந்தனையை நாம் நூலிற் படிக்கிறோம். அவள் நேரிற் காண்கிறாள். வணங்கித் தொடங்கி, வணங்கி முடிக்கட்டும். நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் செய்யும் தகுதி, அம்மேசையருகில்தான் தொடங்குகிறது.

திரும்பும் வழியில் அறுவடைக்கு நின்ற சோளக்காட்டைக் காட்டினோம். இக்கரிசல் நிலத்தில் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைப்பதுண்டு. அதற்காக விதையைக் கடினப்படுத்தும் முறையொன்றை வேளாண் துறையார் கற்பிக்கின்றனர். விதையைக் கரைசலில் ஊறவைத்து, முளைக்குமுன் எடுத்து, பழைய எடைக்கு வரும்வரை உலர்த்துவர். ஒருமுறை நனைந்து காய்ந்த அவ்விதை, பின்னர் மழை தாமதித்தாலும் வறட்சியைத் தாங்கும். ஆயின் உலர்த்துவது நிழலில்தான். கொளுத்தும் வெயிலில் அன்று. முதலாண்டு என்பது அத்தகைய உலர்த்தல். நிழலாக இருக்க வேண்டியவர் யார்? பெற்றோரும் ஆசிரியருமே.

பாகுபலி சுவாமிகள் ஓராண்டு அசையாது நின்றார். கொடிகள் உடலிற் படர்ந்தன. அந்நின்ற திருக்கோலத்தைக் கழுகுமலையிலும் காணலாம். அத்துணைத் தவத்திலும் கேவலஞானம் தோன்றவில்லை. தமையன் பரதன் தம்மால் வருந்தினானே என்னும் சிறு முள் நெஞ்சில் தங்கியிருந்தது. பரதனே வந்து வணங்கியபின் அம்முள் அகன்றது, ஞானம் ஒளிர்ந்தது. நம் பிள்ளைகளின் நெஞ்சிலும் அத்தகைய முள் உண்டு: 'அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?' என்பதே அது. அதை அகற்றப் பெற்றோர்தாம் செல்ல வேண்டும். "துணைத்தேர்வு இருக்கிறது; நீ தேறினாலும் தவறினாலும் எங்கள் பிள்ளை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'டாக்டரம்மா' என்னும் பட்டத்தைச் சில ஆண்டுகள் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

இன்னுமொன்று. பரீஷகம் தாங்குதல் என்பது நோயை மறைத்தல் அன்று. உறக்கமும் உணவும் பல நாள் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டுமாயின் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய பிணி. அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. மருந்தளித்தல் அறமாயின், மருந்து கொள்ளுதல் இழிவாகுமா?

அன்றிரவே அவள் தந்தையுடன் தொலைபேசியில் பேசினோம். மறுநாள் அவர் நேரில் வந்தார். மகளைக் கல்லூரி விடுதிவரை உடன் சென்று விட்டுவந்தார். சித்திரையில் அவளிடமிருந்து மடல் வந்தது. ஒரு தேர்வில் தேறியிருக்கிறாள். மற்றொன்றில் இரண்டு மதிப்பெண் குறைந்து தவறியிருக்கிறாள். ஆயினும் ஒவ்வொரு மாலையும் தோழியர் மூவருக்குத் தமிழில் பாடம் சொல்லுகிறாளாம். இறுதி வரியில், "பாட்டி, இப்போதெல்லாம் கையில் எலும்பைத் தந்தால் வலமா இடமா என்று சொல்லிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாள்.

திரை சிறிது மெலிந்திருக்கிறது. அது போதும்.

வாழ்க ஜினவறம்! வளர்க நற்கல்வி!