சின்னக் கைகளுக்குச் செய்தது

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள், என் அறைச் சுவரில் மாட்டியிருந்த எலெக்ட்ரிக் கிட்டாரைக் காட்டி, "மாமா, இதை நான் வாசிக்கலாமா?" என்று கேட்டாள். ஒன்பது வயது. "அது ரொம்பப் பழசுடா, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மூலையில் கிடந்த பெரிய அகௌஸ்டிக் கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். முதல் ஃப்ரெட்டுக்கு அவள் கை எட்டவில்லை. பத்து நிமிடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் கொடுக்க மறுத்தது 1966-ஆம் வருடத்து ஃபெண்டர் மஸ்டாங். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது மூன்று மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கியது. வேடிக்கை என்னவென்றால் (வெட்கக்கேடு என்பதே சரி), அந்தக் கிட்டார் அவளைப் போன்றவர்களை நினைத்துத்தான் செய்யப்பட்டது.

ஃபெண்டர் 1956-இல் மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் என்று இரண்டு மாணவர் கிட்டார்களைக் கொண்டுவந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி அதிரும் நீளம் 25.5 இஞ்ச், இவற்றில் 22.5. 1964-இல் வந்த மஸ்டாங்கில் 24. நீளம் குறைந்தால் ஃப்ரெட்டுகள் நெருங்கும், விரல் எட்டும். இன்னொன்றும் நடக்கும். ஒரே தடிமன் தந்தியை அதே சுருதியில் நிறுத்தத் தேவைப்படும் இழுவிசை, நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் 24 இஞ்சில் சுமார் 11 சதவீதம் தளர்வு, 22.5-இல் 22 சதவீதம். காகிதத்தில் சின்ன எண்தான், ஆனால் விரலுக்குத் தெரியும். தந்தியை வளைத்தால் முரண்டு பிடிக்காமல் கூடவே வருகிறது.

அதே தளர்வுதான் தலைவலியும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். தடித்த ஆறாவது தந்தி தொளதொளவென்று ஆடும். பிரிட்ஜும் அசையக்கூடியது, ட்ரெமோலோ கம்பியை நாலு முறை அமுக்கினால் மறுபடி ட்யூன் பண்ண வேண்டும். பிக்கப் சுவிட்சுகள் வேகமாக வாசிக்கும்போது கை பட்டு அணைந்துபோகிற இடத்தில் இருக்கின்றன.

இதையெல்லாம் நான் 'கேரக்டர்' என்று சொல்லிக்கொள்கிறேன். ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படி ஒரு கோடை எழுதிவிட்டு கேரக்டர் என்று சொன்னால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். புதுக் கிட்டாரில் இதே குறை இருந்தால் மறுநாளே கடையில் போய் நின்றிருப்பேன். குறை ஒன்றுதான், வயதுதான் வேறு. வயதுக்கு இந்தச் சலுகையை யார் கொடுத்தது?

விலை கொடுத்தது என்று சொல்லலாம். 1982-இல் மஸ்டாங் தயாரிப்பு நின்றது. யாரும் பெரிதாக மதிக்காத அந்தக் காலத்தில் செகண்ட் ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைத்தது, காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். பிறகு கர்ட் கோபேன் வந்தார். அவருடைய 1969 மஸ்டாங் 2022-இல் ஏலத்தில் சுமார் 45 லட்சம் டாலருக்குப் போனது. இப்போது சாதாரணப் பழைய மஸ்டாங்கைக்கூட எந்த அப்பாவும் பிள்ளைக்குப் பழக வாங்கித் தரமாட்டார்.

"எல்லாரும் பசங்க கையில குடுத்தா எதுவும் மிஞ்சாதுடா" என்றான் நண்பன். நியாயம்தான். கழுத்தைக் கழற்றினால் அடியில் மாதமும் வருடமும் முத்திரை குத்தியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அலட்சியமாக இருக்க முடியாது. ஆனால் என் கிட்டாரில் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் ஆழமான பள்ளம் இருக்கிறது. எவரோ ஒரு பிள்ளை ஜி, சி, டி என்று மூன்று கார்டுகளையே வருடக்கணக்கில் அமுக்கியிருக்க வேண்டும். 'எல்லாம் ஒரிஜினல்' என்று வருகிறவர்களிடம் நான் பெருமையாகக் காட்டுவது அந்தப் பள்ளத்தைத்தான்.

இந்தப் பொங்கலுக்கு மஸ்டாங்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "வாசிக்கிறியா?" என்றேன். "கிட்டார் கை வலிக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு கீபோர்டு கிளாஸுக்குக் கிளம்பிவிட்டாள். 11 சதவீதக் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது? பெட்டியை அவள் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று அக்காவிடம் சொன்னேன். முழு மனசாகச் சொல்லவில்லை.