காட்சியும் உழைப்பும்: உல்லாசப் பயணி பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பிறநாடு சென்று ஊர் பார்த்தல் மனிதனின் அறிவை விரிவாக்கும் என்பது பொதுவாக எவரும் மறுக்காத கூற்று. அதிலும், நெடுந்தூரப் புகையிரதத்தில் ஓர் இரவும் பகலும் ஒரே சாளரத்தருகே அமர்ந்து செல்பவன், விமானத்தில் பறப்பவனைக் காட்டிலும் ஒரு நாட்டைக் கூடுதலாக அறிகிறான் என்பர். சாளரத்துக்கு வெளியே விரியும் அழகை நுகர அவனுக்கு உரிமை உண்டா என்று நான் கேட்கவில்லை. அழகை நுகர்தல் குற்றமாகாது. எதைக் காண்பதாக எண்ணி அவன் மகிழ்கிறானோ, அதைத்தான் காண்கிறானா என்பதே என் வினா.

நமது மலையகப் பாதையை உதாரணமாகக் கொள்வோம். அப்பாதையில் மிக உயரமான நிலையம் பட்டிப்பொல; கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி. 2025 நவம்பரில் டித்வாப் புயல் பாதையைப் பல இடங்களில் சிதைப்பதற்கு முன்னர், பல நாட்டினரும் ஆசனம் பதிவு செய்து இவ்வழியே வந்தனர். ஹற்றனையும் தலவாக்கலையையும் நானுஓயாவையும் கடக்கையில் திறந்த கதவில் நின்று ஒளிப்படம் எடுத்தனர். 'இயற்கையின் கொடை' என்பது வழிகாட்டி நூல்களின் வாடிக்கையான சொல்.

பட்டிப்பொலவை அடுத்துள்ள காட்டை அவ்வாறு அழைக்கலாம். (மரக்கறிப் பாத்திகள் அங்கும் உண்டு என்பது வேறு விடயம்.) ஆனால் அதற்குக் கீழே கிடக்கும் பசுஞ்சரிவு இயற்கையன்று. தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். கம்பளம் விரித்தாற்போல் இடுப்பளவில் நிற்கும் அந்த மட்டம், கிழமைதோறும் கொழுந்து கிள்ளும் பெண்களின் விரல்களும், சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டும் ஆண்களின் கத்தியும் ஒன்றரை நூற்றாண்டாகக் காத்து வரும் மட்டம். பாதையும் அத்தகையதே. கோப்பிக்காலத்தில் 1867இல் கண்டியை அடைந்து, தேயிலைக்காலத்தில் 1885இல் நானுஓயாவையும் 1893இல் அப்புத்தளையையும் எட்டி, 1924இல் பதுளையில் முடிந்த பாதை அது. மலை பார்ப்பதற்காக அதனை எவரும் போடவில்லை. பெட்டி ஏற்றுவதற்காகப் போட்டனர்.

அழகை அழகாகவே நோக்க வேண்டும், அதன் பின்னணியை ஆராய்தல் ஆகாது என்று வாதிப்போர் இம்மானுவேல் கான்ற்றைத் துணைக்கழைக்கலாம். 1790இல் வெளிவந்த தமது அழகியல் நூலில் அவர் ஒரு மாளிகையை எடுத்துக்காட்டுகிறார். மக்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்தில் செலவிட்ட பிரபுக்களைக் கண்டிப்பது நியாயமாகவே இருக்கலாம். ஆயினும் மாளிகை அழகானதா என்ற வினாவுக்கு அது விடையாகாது என்பது அவர் கருத்து. இவ்வாதம் வலுவானது. ஆனால் அதே நூலின் பிற்பகுதியில் இன்னோர் உதாரணமும் உண்டு. விருந்தினரை மகிழ்விக்க விரும்பிய விடுதிக்காரன் ஒருவன், இராப்பாடியின் குரலைக் குழலில் எழுப்பவல்ல சிறுவனைப் புதருக்குள் ஒளித்து வைக்கிறான். குரல் பறவையினுடையதன்று என்று அறிந்ததும் எவரும் அதைத் தொடர்ந்து கேட்கப் பொறுப்பதில்லை. இயற்கை என்று நம்பியதே அந்த ஈடுபாட்டுக்கு அடிப்படை என்பது இதனாற் பெறப்படும். எனவே தேயிலைச் சரிவை இயற்கையெனப் போற்றும் பயணி, கான்ற்றின் அளவுகோலின்படியே பிழைபடுகிறான். இரக்கமின்மை என்று இதனைக் கடிவதற்கு முன்னர், அறிவுப்பிழை என்றே கொள்ளவேண்டும். புதருக்குள் இருக்கும் சிறுவனை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், பறவையை மெச்சுகிறான்.

உண்மையை அறிந்தால் அழகு கெட்டுவிடாதா என்று சக மாணவர் ஒருவர் என்னுடன் வாதாடினார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கவ்வாத்துப் பற்றி அறிந்தவன் அச்சரிவை இன்னும் சிறிது நேரம் கூடுதலாகவே நோக்குவான். கெடுவது அழகன்று, காட்சிக்குக் கடனேதும் இல்லை என்ற நிம்மதியே கெடுகிறது.

இவ்விடத்தில் இரவு வண்டி பற்றிக் கூறவேண்டும். இருட்டில் எதையும் பார்க்கமுடியாது என்று உல்லாசப் பயணிகள் அதனைத் தவிர்ப்பர். மலைகள் மறைந்துபோவது உண்மைதான். ஆனால் லயன்களின் விளக்குகள் அப்பொழுதுதான் தெரிகின்றன. பகலில் பசுமைக்குள் புள்ளியாகிப்போன குடியிருப்புகள் இரவில் மட்டுமே சாளரத்தை நிறைக்கின்றன.

அந்த லயன்களிலிருந்தும் மக்கள் பிறநாட்டுக்கு நெடும்பயணம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என வகுத்தது. அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. சாளரத்துக்கு வெளியே காண்பதற்கு அவர்களுக்கும் மலை இருந்தது. அது இயற்கையா உழைப்பா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்திருக்க முடியாது.

இன்று நம்மவர் தமிழ்நாட்டுக்கு உல்லாசப் பயணம் போகின்றனர். சென்னையில் இரவு வண்டியேறி, விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட பல்சக்கர வண்டியில் நீலகிரி ஏறுகின்றனர். குன்னூரை அணுகும்போது தேயிலைச் சரிவுகள் தோன்றுகின்றன. நம்மவரும் இயற்கை என்றே வியக்கின்றனர். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது இந்த நீலகிரியிலேயே. நுவரெலியாவில் கொழுந்து கிள்ளிய அதே குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கிள்ளின. வெளிநாட்டவர் நமது மலையில் எவரைக் காணாது போனாரோ, அவர்களையே நாம் வெளிநாட்டில் காணாது போகிறோம்.

பயணி அழவேண்டும் என்றோ, காசு கொடுக்கவேண்டும் என்றோ நான் கூறவில்லை. மலையேறும் வண்டி மெதுவாகவே செல்கிறது, நிலையங்களில் நிற்கிறது, கேட்பதற்கு நேரமுண்டு. தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் "எந்த ஊர், அம்மா?" என்று வினவினால், அவர் கோத்தகிரி என்றும் கூறலாம், தலவாக்கலை என்றும் கூறலாம்.