கல் பேசலாமா?

குழந்தைப் பாட்டில் காக்கா பேசும், நிலா கூப்பிட்டால் ஓடி வரும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் கல் பேசலாமா என்பதில் எனக்கும் என் தோழிக்கும் நெடுநாள் சண்டை. அவள் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு நிலவியல் சொல்லித்தர ரெண்டு பேரும் பாட்டுக் கட்டுகிறோம். அவள் பாட்டில் பல்லாவரத்து மலை, "என்னை வெடி வச்சு உடைச்சுட்டாங்களே" என்று அழும். பிள்ளைகள் உச்சுக் கொட்டுவார்கள்.

எனக்கு அந்த அழுகை ஒட்டவில்லை. கல்லுக்கு வலிக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, உடைத்த மலை எங்கே போச்சு? ஜல்லியாகி, கான்கிரீட்டாகி, சென்னையின் வீடுகளுக்குள் போயிருக்கிறது. அழும் பிள்ளை சாய்ந்திருக்கும் தூணிலும் அது இருக்கலாம். அழவைக்கிற பாட்டு இதை மறைத்துவிடுகிறது. கெட்டவன் எங்கேயோ குவாரியில் இருக்கிறான், நாமெல்லாம் நல்லவங்க. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் இரக்கத்தின்மேல் எனக்குச் சந்தேகம்.

அதனால் என் பாட்டில் கல் வாயே திறக்காது:

ஜல்லி ஜல்லி கருஞ்ஜல்லி,
எங்க வீட்டுச் சுவர் ஜல்லி,
மலையா நின்னது எத்தனை நாளு?
எண்ணிட்டு வந்து சொல்லு மல்லி!

பெரிய கவிதை இல்லை. ஆனால் கடைசி வரியில் விளையாட்டு தொடங்கிவிடும். அந்தக் கல்லுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் சூட்டில் உருவானது. 250 கோடி என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? எனக்கே புரியாது. ஒரு வருஷத்துக்கு ஒரு நொடி என்று வைத்து எண்ணச் சொல்வேன். சோறு தூக்கம் இல்லாமல் எண்ணினால் முடிக்க 79 வருஷம் ஆகும். "எங்க ஆயா வயசு!" என்று கத்தினான் ஒருத்தன். அதே கணக்கில், மனுஷ இனம் தோன்றிய 3 லட்சம் வருஷத்தை எண்ண மூன்றரை நாள் போதும். அப்போது வந்த அமைதியை எந்த அழுகைப் பாட்டிலும் நான் பார்த்ததில்லை.

இந்தக் கல்லின் பெயரே ஒரு வேடிக்கை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். 250 கோடி வயசுக் கல்லுக்கு, செத்து 200 வருஷம் ஆன மனுஷன் பெயர்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கல் பேசியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா?

தோழி விடவில்லை. "நாலு வயசுக்காரனுக்குக் கோடின்னா என்ன தெரியும்? முதல்ல அவன் கல்லைத் தொடணும், அதுக்கு அது பேசித்தான் ஆகணும்" என்கிறாள். நாலு வயசு வரைக்கும் பேசட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது வயசு மல்லி போன வாரம் கேட்டாள்: "அப்போ நம்ம வீட்டை இடிச்சா, அந்த ஜல்லி எங்க போகும்?" அதற்கு இரண்டாவது பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.