காத்திருப்பவரின் குளிர்காலம்

காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடியில் மார்கழிக் குளிர் என்பது, விடியலில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்துவிடும் குளிர்தான். உப்புக்காற்றும் வியர்வையுமே அந்தக் கடற்கரையின் இயல்பு. டிசம்பரிலும் அங்கே பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அதே டிசம்பரில் பாரிஸில் பகல் எட்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஜனவரியின் சராசரி வெப்பம் ஐந்து டிகிரியை ஒட்டி நிற்கிறது.

இந்த இரண்டு மண்ணுக்கும் இடையே போக்குவரத்து அறுந்ததே இல்லை. 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் இடம் தந்தது. அப்படி எழுதிக்கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் காரைக்கால் வட்டாரத்தில் பெண்ணெடுக்கிறார்கள், மாப்பிள்ளை தேடுகிறார்கள். கல்யாணம் முடிந்த கையோடு புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் விசா மனு போடுகிறார்கள். விசா கிடைத்துப் போய் இறங்கினால், மூன்று மாதத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு மொழி வகுப்பு, அடுத்த வசிப்பு அட்டைக்கான மனு, பிரெஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்தில் நேரம் கிடைப்பதற்கான தவிப்பு. அட்டை வரும்வரை கையில் இருப்பது, மனு கிடைத்தது என்று சொல்லும் ஒரு தற்காலிகச் சீட்டு மட்டுமே.

காகிதத்துக்கு மாதக்கணக்கில் தவணை உண்டு. உடம்புக்கு ஒரு நாள் தவணைகூட இல்லை. விமான நிலையக் கதவைத் தாண்டிய நொடியே அது புதிய நாட்டின் காற்றை எதிர்கொள்கிறது. வெயிலில் வளர்ந்த கறுத்த தோல், வடக்கு நாட்டுக் குளிர்கால வெளிச்சத்தில் போதிய வைட்டமின் டி உண்டாக்கிக்கொள்வதில்லை. எலும்பு வலியும் சோர்வும் வரும்; காரணம் தெரியாதவர்கள் அதை ஊர் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு பொறுத்துப்போவார்கள்.

இவர் இங்கே தங்க உரியவரா என்று ஒரு நாடு ஆராய்ந்துகொண்டிருக்கும் காலத்தில், இவர் உடம்பைக் காக்கும் கடமை யாருக்கு? முடிவு வந்த பிறகுதான் கடமை தொடங்குகிறது என்று ஒரு நாடு சொல்லலாமா?

சொல்லலாம் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. தங்குமிடம், மருத்துவம், உதவித்தொகை எல்லாம் மக்கள் வரிப்பணம். அந்த நாட்டிலேயே பிறந்து வரி கட்டியவர்களும் நடைபாதையில் படுத்திருக்கிறார்கள். மனுப் போட்டவருக்கே எல்லாம் கிடைத்துவிட்டால், மனுவை ஆராய்வதற்குப் பொருள் இல்லாமல் போகும். தகுதி இல்லாதவரும் காத்திருப்பை நீட்டிக்கொண்டே போவார். பிரான்சில் அகதி மனுப் போட்டவர்கள் 1991 வரை வேலை செய்ய முடிந்தது. மனுக்கள் பெருகிய பின் அந்த வாய்ப்பு எடுக்கப்பட்டது. இன்றைய விதிப்படி, ஆறு மாதமாகியும் முடிவு வராவிட்டால்தான் வேலைக்கு அனுமதி கேட்கலாம். 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் பாரிஸ் வந்து, லா சப்பல் தெருக்களைத் தமிழ்க் கடைத்தெருவாக்கியவர்களின் வழியில் இன்று வருகிறவர்களுக்கும் இதே விதிதான்.

ஆனால் இந்த வாதத்துக்கு அந்த நாட்டின் வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. காரைக்கால் கைமாறிய அதே 1954இன் தொடக்கத்தில் பிரான்சைக் கடுங்குளிர் பிடித்தது. பிப்ரவரி 1 அன்று ஆபே பியர் என்ற பாதிரியார் வானொலியில் பேசினார். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண், வெளியேற்ற உத்தரவைக் கையில் பிடித்தபடியே பாரிஸ் நடைபாதையில் உறைந்து இறந்துபோனதை நாட்டுக்குச் சொன்னார். போர்வைகளும் பணமும் குவிந்தன. 1956 டிசம்பரில் சட்டம் வந்தது. இன்று நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வாடகை பாக்கி வைத்தவரைக்கூட வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது.

அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது என்ன என்பதை நிதானித்துப் பார்க்க வேண்டும். வாடகைக்காரர் பக்கம் நியாயம் இல்லாமல் இருக்கலாம். நீதிமன்றம் வீட்டுக்காரருக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அப்படியும் குளிர்காலத்தில் அந்தத் தீர்ப்பு காத்திருக்க வேண்டும். உரிமை யாருக்கு என்ற கேள்வியும், உடம்பு பிழைக்குமா என்ற கேள்வியும் வேறு வேறு என்று அங்கே சட்டமே சொல்லிவிட்டது. தோற்றுப்போனவரைக் காக்கும் சட்டம், வழக்கே இன்னும் முடியாதவரைக் காக்க மறுத்தால் அதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? பிரான்சின் சமூக உதவிச் சட்டத்தில், வீடற்றுத் தவிக்கும் எவருக்கும் அவசரத் தங்குமிடம் உண்டு. அதைக் கேட்பவரின் குடியுரிமை அங்கே நிபந்தனை இல்லை. எழுத்தில் இது இருக்கிறது; அதற்கான 115 என்ற எண்ணை அழைத்தால் படுக்கை இல்லை என்ற பதில் பலருக்கு வருகிறது. ஆகவே குறை கொள்கையில் இல்லை, செலவழிக்கும் மனதில் இருக்கிறது.

படுக்கை குறைவாக இருந்தால் யாருக்கு முதலில் தருவது? உள்ளூர்க்காரருக்கு என்பது ஒரு விடை. கைக்குழந்தைக்காரிக்கு, கர்ப்பிணிக்கு, நோயாளிக்கு என்பது இன்னொரு விடை. இரண்டாவதே சரி. முதல் விடை, பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துக் குளிர் கூடும் குறையும் என்று நினைக்கிறது. உள்ளூர் ஏழையின் குறை நிஜமானது. அவருக்கும் படுக்கை வேண்டும் என்று கேட்பதுதான் அதற்கு மருந்து.

வேலைத் தடையைப் பற்றி இன்னும் கடுமையாகவே பேசலாம். ஒருவரைச் சம்பாதிக்க விடாமல் தடுத்துவிட்டு, அவர் கம்பளிக் கோட்டுக்குக் கையேந்துவதைச் சுமை என்று சொல்வது நேர்மை ஆகாது. பொய் மனுக்கள் பெருகும் என்ற அச்சத்துக்கு விரைவான விசாரணைதான் விடை. விசாரணையைத் தாமதப்படுத்துவது அரசு. அதன் விலையைக் கொடுப்பது மனுதாரர். இந்தக் கணக்கை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது.

இத்தனையும் வெளிநாட்டைப் பார்த்துச் சொல்வது சுலபம். காரைக்காலிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் மண்டபம் வருகிறது. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நிறுத்திச் சோதித்து அனுப்பிய முகாம் அது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களை வரவேற்றதும் அதே முகாம்தான். வந்தவர்களில் மலையகத்தின் பனியில் பிறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தமிழக முகாம்களின் தகரக் கூரையும் சித்திரை வெயிலும் எதிர்கொண்டன. பாரிஸில் குளிர் செய்வதை இங்கே வெக்கை செய்தது. அவர்களின் காத்திருப்பு நாற்பதாண்டைத் தாண்டிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021க்குப் பிறகு தமிழக அரசு முகாம்களில் புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது நல்ல செயல். குடியுரிமையைத் தருவது மத்திய அரசின் கையில் இருந்தாலும், நல்ல கூரையைப் போட அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை அந்த வீடுகளே காட்டுகின்றன. அவற்றை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டியிருக்கலாம் என்பதும் உண்மை.

திருவேட்டக்குடியிலேயே இன்னொரு வகைப் புதியவர்கள் இருக்கிறார்கள். 2010இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் அங்கேதான். அதன் இடங்களில் பாதி வெளிமாநிலத்தாருக்கு. வடக்கின் வறண்ட ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் இந்தப் பிசுபிசுத்த வெக்கையில் திணறத்தான் செய்கிறார்கள். ஆனால் சேர்க்கைக் கடிதத்தோடு வருவதால் விடுதி, மின்விசிறி, சாப்பாடு எல்லாம் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. புதிய காற்றுக்கு உடம்பு பழக என்ன தேவை என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல என்பதற்கு இதுவே சான்று.

அரசைவிட நெருக்கமான ஓர் இடத்தில்தான் இந்தக் கேள்வி மிகவும் கூர்மையாகிறது: அழைத்துப்போன குடும்பத்தில். பாரிஸில் அட்டை இல்லாதவருக்கு வீட்டுக்காரர்கள் வாடகைப் பத்திரம் எழுதுவது அரிது. வாடகைப் பத்திரம் இல்லாவிட்டால் முகவரிச் சான்று இல்லை. முகவரிச் சான்று இல்லாமல் அட்டைக்கு மனு நகராது. எனவே, இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று உறவினர் எழுதித் தரும் கடிதமே எல்லாவற்றுக்கும் ஆதாரமாகிறது. பிரெஞ்சுக் குடியுரிமையுள்ளவரைக் கட்டிக்கொண்டு போன பெண்ணின் அட்டையோ, கணவரோடு சேர்ந்து வாழ்வதைப் பொறுத்தது. ஒரு கையெழுத்தை வைத்து ஒரு மனிதரை ஆட்டிவைக்கும் அதிகாரம் இதில் ஒளிந்திருக்கிறது. மரியாதை, குடும்ப மானம் என்ற பெயர்களில் அது வெளியே தெரியாமலும் போகிறது.

அழைத்தவரின் கடமை அரசின் கடமையைவிடப் பெரியது. அரசு அவரை வரச் சொல்லவில்லை; குடும்பம் சொன்னது. டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு அது முடியாது. நல்ல கோட்டும் காலணியும், ஹீட்டர் வேலை செய்யும் அறையும், மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப்போவதும், மொழி வகுப்புக்கு அனுப்புவதும் அதில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்போர்ட்டும் சீட்டும் அவருடைய கையிலேயே இருக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியாரோ கணவரோ எடுத்து அலமாரியில் பூட்டுவது, நல்லெண்ணத்தில் செய்தாலும் தவறு. வீட்டில் வன்முறை நடந்து பிரிய நேர்ந்தால், அதைக் காரணம் காட்டி அட்டையைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்று பிரெஞ்சுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதைப் பெண்ணுக்குத் தெரியப்படுத்த வேண்டிய இடம் பாரிஸ் அல்ல. நிச்சயதார்த்தத்தின்போதே, காரைக்காலில், பெண்ணைப் பெற்றவர்கள் முன்னிலையில் மாப்பிள்ளை வீட்டார் வாயால் அது சொல்லப்பட வேண்டும்.